காதெலும்பு சொல்லும் குலம்: அழிந்துபோன பலீன் திமிங்கிலங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஜூன், ஜூலை மாதங்களில் சார்டீன் (மத்தி) மீன் கூட்டம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை ஒட்டி வரும்போது டர்பன் கடற்கரையில் திரளும் நம்மவர்களுக்குக் கண்ணெல்லாம் வலை மேல்தான் இருக்கும். வலைக்கு அப்பால், மீன் கூட்டத்துக்குள் பக்கவாட்டில் பாய்ந்து வாயைப் பிளக்கும் திமிங்கிலத்தைக் கவனிப்பவர் குறைவு. பெரும்பாலும் அது ப்ரைட் திமிங்கிலமாக இருக்கும். (நார்வேக்காரர் நாக்கில் அது 'ப்ரூடா'.) யோஹான் ப்ரைட் 1907இல் டர்பனில் திமிங்கில வேட்டைத் தொழிலைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ப்ளஃப் மேட்டின் கடல்பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலை 1975 வரை இயங்கியது. காற்று திரும்பும் நாளில் அங்கிருந்து வந்த நாற்றத்தைப் பற்றிக் கேட்டால் மெர்பேங்க் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள்.

தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட திமிங்கிலங்களை ஆராய்ந்த ஓர்யான் ஓல்சன், 1913இல் இதைப் புது இனமாக அறிவித்துப் ப்ரைட்டின் பெயரைச் சூட்டினார். ஆனால் அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1879இல், கல்கத்தா அருங்காட்சியகத்தின் ஜான் ஆண்டர்சன் இன்னொரு திமிங்கிலத்துக்குப் பெயர் வைத்திருந்தார். அது பர்மாவில், மர்த்தபான் வளைகுடாவில் விழும் ஒரு கழிமுக ஓடையில் 1871இல் மாட்டிக்கொண்டு செத்தது. பர்மாவின் ஆங்கிலேயத் தலைமை ஆணையர் ஆஷ்லி ஈடன் பெயரால் அது 'பலீனோப்டெரா ஈடனி' ஆயிற்று. பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியவர்கள் ஒரே ஊர்க்காரர்களாக இருந்ததுண்டு. இந்த இரண்டு திமிங்கிலங்களும் ஒரே இனமா என்ற கேள்விதான் இன்னும் முடிந்தபாடில்லை. ஒன்றுதான் என்றால் பெயரிடல் விதிப்படி முந்திய பெயரே நிற்கும். டர்பன் திமிங்கிலமும் ஈடனிக்குள் போய்விடும். இப்போது பலரும் இரண்டையும் ஓர் இனத்தின் இரு துணையினங்களாக, தற்காலிகமாக, வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்கக் கடலிலேயே கரையோரத்தில் ஒன்று, ஆழ்கடலில் ஒன்று என இரண்டு வகைப் ப்ரைட் திமிங்கிலங்கள் இருப்பதை 1977இல் பீட்டர் பெஸ்ட் காட்டினார். ஜப்பானியர்கள் 2003இல் ஓமுராய் என்ற இனத்தைத் தனியே பிரித்தார்கள். மெக்சிகோ வளைகுடாத் திமிங்கிலம் 2021இல் ரைசி என்ற தனி இனமாயிற்று. இவையெல்லாம் முன்பு ப்ரைட் கணக்கில் எழுதப்பட்டவைதான்.

உயிரோடு நீந்துகிற, இரத்தமும் மரபணுவும் கைக்குக் கிடைக்கிற ஒரு விலங்குக்கே இந்தப் பாடு. அப்படியானால் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் செத்து, பாதி மண்டையோடும் நான்கு முதுகெலும்பும் மட்டும் மிச்சம் வைத்துப்போன ஒன்றை 'இன்ன குடும்பம்' என்று எழுதும் அருங்காட்சியகச் சீட்டை எவ்வளவு நம்பலாம்? சீட்டில் இருப்பதை ஒரு வழக்கின் தீர்ப்பாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்த எலும்பைச் சாட்சியாக ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று தெரிந்தால்தான் தீர்ப்பு புரியும். மேல்முறையீடும் உண்டு.

முதலில் விலங்கைப் பார்ப்போம். மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தொங்கும் பலீன் தகடுகள் கெரட்டினால் ஆனவை. நம் நகமும் அதே பொருள்தான். கடல்நீரோடு வாயில் வந்த கிரில் என்ற இறால் மாதிரிச் சிற்றுயிரையும் சிறு மீனையும் நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடுவது அவற்றின் வேலை. இந்தக் கூட்டத்தின் அடையாளமே அந்தத் தகடுதான். ஆனால் அது மண்ணில் நிலைப்பதில்லை; மட்கிவிடும். பெருவின் பிஸ்கோ படுகை மாதிரி மிகச் சில இடங்களில்தான் பலீனே கல்லாகிக் கிடைத்திருக்கிறது. ஆகவே ஆராய்கிறவர்களுக்கு மிஞ்சுவது எலும்பு: தட்டையாக அகன்ற மேல்தாடை, அண்ணத்தில் பலீனுக்கு இரத்தம் கொண்டுபோன குழாய்களின் தடம், வெளிப்பக்கம் வளைந்த கீழ்த்தாடைகள், அவை முன்முனையில் ஒன்றோடொன்று இறுகாமல் நெகிழ்ந்து நிற்பது. இன்று உயிரோடிருப்பவை சுமார் 15 இனங்கள். அவற்றை நான்கு குடும்பங்களில் அடக்குவது வழக்கம்: ரைட் திமிங்கிலங்கள், குட்டை ரைட் திமிங்கிலம், சாம்பல் திமிங்கிலம், நீலத் திமிங்கிலமும் கூன்முதுகுத் திமிங்கிலமும் அடங்கிய ரோர்குவல்கள்.

பின்னோக்கிப் போனால் இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும். பலீன் திமிங்கிலக் கிளையில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழையது மிஸ்டகோடான். பிஸ்கோ படுகையில் கிடைத்து 2017இல் பெயரிடப்பட்டது. வயது ஏறக்குறைய 3 கோடியே 64 லட்சம் ஆண்டுகள். நீளம் 4 மீட்டர் அளவுதான், வாயில் பல். அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த லானோசீட்டஸ் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது, 8 மீட்டர் இருக்கும். அதற்கும் பல். ஆஸ்திரேலியாவின் ஜான் ஜுக் கரையில் அலைச்சறுக்கு ஆடிய ஒரு பதின்வயதுப் பையன் கண்டெடுத்த ஜான்ஜூசீட்டஸ், 2006இல் பெயர்பெற்றது. சுமார் 2 கோடியே 50 லட்சம் ஆண்டு வயது. குட்டை மூஞ்சி, பெரிய கண், கூரான பற்கள். வடிகட்டித் தின்கிற முகமே இல்லை. கடித்துத் தின்ற விலங்கு.

பலீனே இல்லாத இவற்றைப் பலீன் திமிங்கிலம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? மேல்தாடை, மண்டையோட்டின் அடிப்பகுதி, காது ஆகியவற்றின் அமைப்பு பல்லுள்ள திமிங்கிலங்களான ஸ்பெர்ம், டால்பின் வகையோடு ஒத்துப்போகாமல் இந்தப் பக்கம் சாய்கிறது. அதிலும் அரைகுறையாகத்தான். ஜான்ஜூசீட்டஸின் மேல்தாடை அகன்றுவிட்டது, கீழ்த்தாடைகளோ பழைய மாதிரி முன்னால் இறுகியே இருந்தன. அடையாளங்கள் எல்லாம் ஒரே நாளில் ஒரே மூட்டையாக வந்து இறங்கவில்லை. எதை வைத்துக் கோடு கிழிப்பது என்ற சண்டை அங்கேயே பிறந்துவிடுகிறது.

அந்தச் சண்டைக்கு நல்ல உதாரணம் ஏட்டியோசீட்டஸ். அமெரிக்காவின் ஆரிகன் கரையில் கண்டெடுத்த டக்ளஸ் எம்லாங் 1966இல் அதை விவரித்தபோது, பற்களைப் பார்த்து ஆதித் திமிங்கிலங்கள் எனப்படும் ஆர்க்கியோசீட் கூட்டத்தில் சேர்த்தார். இரண்டே ஆண்டில் லீ வான் வேலன் அதைத் தூக்கிப் பலீன் பக்கம் வைத்தார். எலும்பு அதேதான்; வரிசை மாறிவிட்டது. 2008இல் தாமஸ் டெமெரே குழு அதன் அண்ணத்தில் பற்களுக்கு அருகே சிறு துளைகளைக் காட்டி, பல்லும் பலீனும் ஒரே வாயில் சேர்ந்து இருந்தன என்றது. எல்லாரும் ஒப்பவில்லை. அண்ணத்துத் துளை பலீனுக்குத்தான் என்று எப்படி அடித்துச் சொல்வது என்று கேட்டார்கள். 2018இல் ஆரிகனிலிருந்தே மையாபலீனா வந்தது. சுமார் 3 கோடியே 30 லட்சம் ஆண்டு வயதுள்ள அதற்குப் பல்லும் இல்லை, பலீன் இருந்ததற்கான தடமும் இல்லை என்றார்கள்; அதாவது முதலில் பல் போயிற்று, உறிஞ்சித் தின்ற ஒரு காலம் கழிந்து பிறகுதான் பலீன் வந்தது. கரோலினாவின் கொரோனோடானோ பல்லிடுக்குகளாலேயே வடிகட்டியிருக்கலாம் என்று 2017இல் வேறொரு குழு எழுதியது. 2022இல் ஏட்டியோசீட்டஸ் மண்டையோட்டை சிடி ஸ்கேனில் பார்த்துவிட்டு, துளைகள் பலீனுக்கானவையே என்று டெமெரே தரப்பு திரும்ப வாதிட்டது. எனக்கு ஸ்கேன் வாதம் பலமாகப் படுகிறது. ஆனாலும் ஒரே ஒரு மண்டையோட்டின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது உறுத்தத்தான் செய்கிறது.

பல்லுள்ள இந்தப் பழையவை அத்தனையும் ஒரே கிளையா, அல்லது இன்றைய பலீன் திமிங்கிலங்களை நோக்கிப் போகும் தண்டிலிருந்து வேறு வேறு இடத்தில் பிரிந்த பல கிளைகளா என்பதும் தீரவில்லை. பழைய நூல்கள் அவற்றை ஏணிப்படி மாதிரி அடுக்கிக் காட்டின. இப்போதைய வரைபடங்களில் பெரும்பாலும் அவை வாரிசில்லாமல் முடிந்த பக்கக் கிளைகள். தெற்குக் கரோலினாவிலும் நியூசிலாந்திலும் கிடைத்த, நீண்ட மூஞ்சியுள்ள இயோமிஸ்டிசீட்டிடே குடும்பத்தோடு நாம் பழகிய பலீன் திமிங்கில உருவம் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்குப் பிறகு வருவதுதான் வகைப்பாட்டின் மிகக் குழம்பிய பகுதி. ரஷ்யப் பேரரசின் கருங்கடல் ஓரத்தில், தாமான் தீபகற்பத்தில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்கு 1843இல் பிராண்ட் என்பவர் சீட்டோதீரியம் என்று பெயரிட்டார். 1872இல் சீட்டோதீரிடே என்ற குடும்பம் உருவாயிற்று. அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக அந்தக் குடும்பத்துக்கு இலக்கணம் எதிர்மறையிலேயே ஓடியது: பல் கிடையாது, ரைட் திமிங்கிலமில்லை, சாம்பல் திமிங்கிலமில்லை, ரோர்குவலின் நெற்றி அமைப்பும் இல்லை, அப்படியானால் சீட்டோதீர். ஆராய்ச்சியாளர்களே இப்படிப்பட்ட குடும்பத்தைக் குப்பைக்கூடை என்றுதான் அழைக்கிறார்கள். மேரிலாந்தின் கால்வர்ட் பாறைகளிலிருந்து ரெமிங்டன் கெல்லாக் மிகுந்த பொறுமையோடு விவரித்த பாரியட்டோபலீனா, பெலோசீட்டஸ், டயோரோசீட்டஸ் எல்லாமே அந்தக் கூடையில் விழுந்தன. கெல்லாக்கின் விவரணையும் படங்களும் இன்றும் பயன்படுகின்றன. பெயர்ப்பலகைதான் பிழை.

ஒருவரிடம் இல்லாததை எல்லாம் பட்டியல் போட்டு அவருக்கு உறவுமுறை சொல்ல முடியாது. பங்காளி என்பதற்கு இருவருக்கும் பொதுவாக வந்த ஒன்றைக் காட்ட வேண்டும். பழமையான அடையாளம் பலரிடமும் எஞ்சியிருக்கலாம். புதிதாகத் தோன்றி வழிவழியாக வந்த அடையாளமே உறவுக்குச் சான்று. 2006, 2007 வாக்கில் பூட்டெல், முய்சோன், ஸ்டீமன் முதலியோர் இந்த அளவுகோலை வைத்துக் கூடையைக் கவிழ்த்தார்கள். உண்மையான சீட்டோதீர் எது என்பதற்கு நேர்மறை அடையாளங்கள் தேடினார்கள். மூஞ்சி எலும்புகளின் பின்முனைகள் நெற்றிக்கு மேல் நெருங்கி ஆங்கில 'வி' எழுத்துப் போலக் கூடுவது ஒன்று. காதெலும்பின் பின்நீட்சி தடித்து மண்டையோட்டின் பக்கவாட்டில் வெளியே தெரிவது இன்னொன்று. இந்தச் சல்லடையில் சீட்டோதீரியம், பெருவின் பிஸ்கோபலீனா, ஹெர்பிட்டோசீட்டஸ் போன்றவை நின்றன. கெல்லாக்கின் மேரிலாந்துத் திமிங்கிலங்கள் வீடில்லாமல் வெளியே விழுந்தன. அவற்றுக்கென்று ஸ்டீமன் புதுக் குடும்பங்கள் சில அமைத்தார். அவை எல்லாரிடமும் செல்லுபடியாகவில்லை. எந்தக் குடும்பத்திலும் சேர்க்காமல், 'ரோர்குவல், சீட்டோதீர் பக்கம் எங்கோ' என்று விட்டுவைப்பவர்களும் உண்டு. கூச்சமில்லாமல் அப்படி எழுதுவதுதான் நேர்மை என்பேன்.

சீட்டோதீர்கள் செத்துத் தொலைந்த கதை என்று நினைத்திருந்தபோது வழக்கு நம் கரைக்கே வந்து சேர்ந்தது. குட்டை ரைட் திமிங்கிலம், அறிவியல் பெயர் கேப்பரியா, தெற்குக் கடல்களில் மட்டும் வாழ்வது. ஆறரை மீட்டரைத் தாண்டுவது அரிது. பலீன் திமிங்கிலங்களிலேயே மிகச் சிறியது, கண்ணில் படுவதும் அபூர்வம். கேப் கரைகளில் அவ்வப்போது செத்து ஒதுங்கும். 1967இல் ப்ளெட்டன்பர்க் விரிகுடாவில் உயிரோடு நீந்தும் ஒன்றைப் படமெடுத்தார்கள். 1846இல் ஜான் எட்வர்ட் கிரே இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தது மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில பலீன் தகடுகள் மட்டுமே. அழிந்துபோனவற்றில் பலீன் கிடைக்காமல் எலும்போடு மல்லாடுகிறோம். இங்கே எலும்பே இல்லாமல் பலீனிலிருந்து ஒரு இனம்!

வளைந்த தாடை, நீண்ட தகடு என்று ரைட் திமிங்கிலத்தின் சாயல் இருந்ததால் அதன் உறவாகவே நெடுநாள் எண்ணினார்கள். 2013இல் இவான் ஃபோர்டைஸும் ஃபீலிக்ஸ் மார்க்ஸும் ஒரு குண்டைப் போட்டார்கள்: கேப்பரியாதான் உயிரோடிருக்கும் கடைசி சீட்டோதீர். ஆதாரம் பெரும்பாலும் மண்டையோட்டிலும் காதெலும்பிலும் இருந்தது. எதிர்த்தவர்கள், இது தனிக் குடும்பம், பெருவில் கிடைத்த மியோகேப்பரியா என்ற பழைய உறவோடு தனியாகவே நிற்கிறது என்றார்கள். 2023இல் கேப்பரியாவின் முழு மரபணுத்தொகுதி வந்தது. ரைட் திமிங்கிலத்தோடு ஒட்டுறவு இல்லை. ரோர்குவல், சாம்பல் திமிங்கிலம் கூட்டத்துக்குப் பக்கத்துக் கிளை. ரைட் திமிங்கிலச் சாயல், ஒரே மாதிரி இரை தேடியதால் தனித்தனியே வந்த ஒப்புமை. ஆனால் சீட்டோதீர் கேள்விக்கு மரபணு வாயைத் திறக்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சீட்டோதீரின் மரபணுவும் இல்லையே. ஹெர்பிட்டோசீட்டஸ் கலிபோர்னியாக் கடலில் சுமார் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை தாக்குப்பிடித்திருக்கிறது. நிலவியல் கணக்கில் அது நேற்று. அந்த நேற்றையதிலிருந்தும் நமக்கு எலும்புதான்.

எலும்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சாம்பல் திமிங்கிலம் போதும். உருவத்தை வைத்துக் கணக்கிட்டால் அது சில சமயம் சீட்டோதீர்களோடு போய் நிற்கும். 2018இல் நீலத் திமிங்கிலம் உள்ளிட்டவற்றின் முழு மரபணுக்களைப் பார்த்தபோது அது ரோர்குவல்களுக்கு நடுவே, அவற்றின் கிளைகளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஒன்று சாம்பல் திமிங்கிலத்தின் தனிக் குடும்பத்தைக் கலைக்க வேண்டும், இல்லையேல் ரோர்குவல் குடும்பத்தைத் துண்டாட வேண்டும். இனங்கள் பிரிந்த பிறகும் அவற்றிடையே கலப்பு நடந்த தடமும் கிடைத்தது. ஆகவே கிளை கிளையாகப் பிரியும் மரப்படமே இந்தக் கூட்டத்துக்குச் சரியாகப் பொருந்துமா என்று சந்தேகம் வருகிறது. (வட பசிபிக்கில் வாழும் அந்தச் சாம்பல் திமிங்கிலம் ஒன்று 2013இல் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவுக்கு வழிதவறி வந்தது. தெற்கு அரைக்கோளத்தில் அதைக் கண்டது அதுவே முதல்முறை.)

பெயர்களிலும் கழிவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் நகரக் கோட்டை வேலைக்குத் தோண்டியபோது மூட்டை மூட்டையாகத் திமிங்கில எலும்புகள் வந்தன. பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனடன் அவற்றுக்கு வரிசையாகப் பெயர் சூட்டினார். பல பெயர்களுக்கு அடியில் இருந்தது வெவ்வேறு விலங்குகளின் உதிரி எலும்புகள். முதுகெலும்பை வைத்துக் குடும்பம் சொல்வதே கடினம், இனம் எங்கே சொல்வது? ஆயினும் முந்திய பெயர் நிற்கும் என்ற விதி இருப்பதால், பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பல இன்று 'ஐயத்துக்குரிய பெயர்' என்ற ஒதுக்கீட்டில் கிடக்கின்றன.

இன்னொரு வகைப் பிழை, பழையதை இன்றைய பேரினத்துக்குள் (நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் பிரிவு) திணிப்பது. கலிபோர்னியாவின் லாம்பாக்கில் கிடைத்த மண்டையோட்டை 1922இல் கெல்லாக் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பேரினமான மெகாப்டெராவில் சேர்த்தார். பிறகு வந்தவர்கள் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத ஆரம்பித்தார்கள். 'பெயர் இதுதான், ஆனால் நம்பவில்லை' என்பதற்கு இந்தத் துறையின் சங்கேதம் அது. கடைசியில் 2019இல் நோரிசனிமா என்ற புதுப் பேரினம் கிடைத்தது. சீட்டில் மேற்கோள் குறியைக் கண்டால் அங்கே ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இத்தனை குழப்பத்திலும் ஓரளவு நாணயமான சாட்சி காதெலும்பு. திமிங்கிலத்தின் காதெலும்புகள் உடம்பிலேயே மிக அடர்த்தியானவை. மற்றவை நொறுங்கிய பிறகும் அவை தங்கும். 1870களில் சேலஞ்சர் என்ற ஆங்கிலேய ஆய்வுக் கப்பல் ஆழ்கடல் தரையை வாரியபோது சுறாப் பற்களோடு திமிங்கிலக் காதெலும்புகளும் குவியலாக ஏறின. அவற்றின் வடிவம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதால், நல்ல காதெலும்பு ஒன்று பத்து முதுகெலும்புகள் சொல்லாததைச் சொல்லும்.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலை நடக்கும் முக்கியமான இடம் கேப் டவுனுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள லாங்கபான்வெக். பழைய பாஸ்பேட் சுரங்கம், இப்போது வெஸ்ட் கோஸ்ட் ஃபாசில் பார்க். ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டு பழைய மண். அங்கே கிடைத்த பலீன் திமிங்கிலங்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: ரொமாலா கோவெண்டர், மிக்கலாஞ்சலோ பிஸ்கோன்டி, அனுசூயா சின்னசாமி. முதலும் மூன்றும் வாசிக்கும்போது நம்மவர்கள் ஒரு கணம் நிற்பார்கள், நானும் நின்றேன். நம் கடலடியிலிருந்து இழுவைவலைக் கப்பல்கள் தூக்கி வந்த அலகுத் திமிங்கில மண்டையோடுகள் இன்னும் பெயர்பெற்றவை. 2007இல் அவற்றுக்கு இசிகோசிஃபியஸ், கோய்கோய்சீட்டஸ், கோசாசீட்டஸ் என்றெல்லாம் இந்நாட்டுப் பெயர்கள் வைத்தார்கள். அவை பல்லுள்ள திமிங்கிலக் கிளை. இந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை.

கரையில் நடக்கும்போது கையடக்கமான, கனத்த, சிப்பி மாதிரிச் சுருண்ட கல் ஒன்று கண்ணில் பட்டால் அது திமிங்கிலக் காதெலும்பாக இருக்கக்கூடும். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டப்படி புதைபடிவங்கள் அரசுடைமை. அனுமதியில்லாமல் எடுக்கவோ விற்கவோ கூடாது, கண்டால் தெரிவிக்க வேண்டும். இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு சாவியையோ நாணயத்தையோ வைத்துப் படமெடுத்து, இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் வயது போய்விடும். வயது தெரியாத காதெலும்பு குடும்பத்தைச் சொல்லலாம், அந்தக் குடும்பம் எப்போது அங்கே வாழ்ந்தது என்பதைச் சொல்லாது.